எந்தப் பல்

வலி போய்விட்டது. போயே போய்விட்டது. ரெண்டு வாரமாக விட்டுவிட்டுக் கீழ்த்தாடையில் இடப்பக்கம் குடியேறி, காது வரைக்கும் குடைந்து, கஞ்சியைக்கூட விழுங்கவிடாமல் படுத்தி எடுத்த சனியன், இன்றைக்கு அது வேண்டும் என்று மங்கையர்க்கரசி காத்துக் கிடக்கிறபோது சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டது. பல் கிளினிக்கில், முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ரெக்சின் நாற்காலியில் உட்கார்ந்து, நாக்கு நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். கடைசிப் பல், அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. ஒன்றும் மூச்சு விடவில்லை. எல்லாம் நல்ல பிள்ளைகளாகக் கைகட்டி நின்றன. நேற்று மத்தியானம் சமையலறைத் தரையின் குளிர்ச்சிக்காகக் கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாளே ஒருத்தி, அது இவள்தானா? இப்போது டாக்டரம்மாவிடம் போய் எதைக் காட்டுவது? போன வாரமே அந்தப் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள். நிலோஃபர் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது, முகத்தைப் பார்த்துப் பேசுகிற பெண். "படத்துல அடிச்சுச் சொல்ற மாதிரி ஒண்ணும் தெரியலம்மா. பல்லுல மயிரிழை மாதிரி விரிசல் இருந்தா எக்ஸ்ரேல விழாது. வலிக்கிறப்போ வாங்க. நான் ஒவ்வொண்ணா தட்டிப் பாக்குறேன், எந்தப் பல்லுன்னு நீங்கதான் சொல்லணும். எடுத்த பிறகு ஐயோ இது இல்லையேன்னா திரும்ப ஒட்டவைக்க முடியாது." நியாயமான பேச்சு. எந்தப் பல் என்று இவள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாற்பத்தோரு வயதில், தன் வாயில் தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பொம்பளை ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது தான்தான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

குமட்டலுக்கு அந்த இடமும் ஒத்தாசை செய்தது. கிராம்பு எண்ணெய் வாடையும் பினாயில் வாடையும் கலந்து, அதற்கு அடியில் யார் வாயிலிருந்தோ வந்த சீழ் வாடை. எதிரே ஒரு மீன்தொட்டி, தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக. அதில் ஒரு கொழுத்த மீன் தன் கழிவையே வாயில் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வியது. சுவரில் பெரிய படம், ஒரு வெள்ளைக்காரிப் பெண் சிரிக்கிறாள், பக்கத்திலேயே அழுகிய ஈறு, புழு அரித்த பல், அதன் கீழே "உங்கள் புன்னகை எங்கள் பொறுப்பு". மூலையில் வீங்கிய கன்னத்தோடு ஒரு பெரியவர், துண்டை வாயருகே பிடித்திருக்கிறார், துண்டுக்கும் உதட்டுக்கும் நடுவே எச்சில் நூல் நீண்டு அறுந்து மறுபடி நீள்கிறது. சீ, மனுஷ வாய் என்பது எவ்வளவு கண்றாவியான ஒரு பொந்து. சோற்றையும் அதில்தான் போடுகிறோம், சாமி பேரையும் அதில்தான் சொல்கிறோம். மங்கை கண்ணை இந்தப் பக்கம் திருப்பினாள். இந்தப் பக்கம் அதைவிட மோசம், இந்தப் பக்கம் குணசீலன். கட்டின புருஷன். கூட்ஸ் வண்டி கார்டு, இப்போது ரயில்வேயில் அந்த வேலைக்கு மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், வீட்டில் அவர் பதினெட்டு வருஷமாகவே மேனேஜர்தான். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "ஏய், அந்தப் பின்னைக் குடு" என்று அவள் தோளில் முந்தானையைப் பிடித்திருந்த ஊக்கைக் கழற்றி வாங்கி, கையால் மறைத்துக்கொள்ளாமல் வாயை அகலத் திறந்து கடைவாயைக் குடைய ஆரம்பித்தார். காலையில் தின்ற உளுந்துவடையின் மிளகுத்தோல் ஒன்று வந்தது. அதைப் பார்த்தார், நாற்காலிக்கு அடியில் தடவினார், மறுபடி குடைந்தார். முடிந்ததும் ஊக்கைப் பேண்ட்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நீட்டினார். "குத்திக்க." அவள் குத்திக்கொண்டாள். ஈரம் ரவிக்கைத் துணி வழியாகத் தோளில் பட்டது. குத்திக்கொண்டாளே தவிர வேறென்ன செய்வாள், சொல்லுங்கள்.

இன்றைக்கு அவர் ஊரில் இருக்கவே கூடாத நாள். அதுதான் வயிற்றெரிச்சல். மகள் ஓவியா, பிளஸ் டூ படிக்கிறவள், அப்பாவுடைய டூட்டியைக் காலண்டரில் எண்ணிப் பார்த்துத்தான் வியாழக்கிழமை பத்தரைக்கு நேரம் வாங்கியிருந்தாள். "அப்பா அன்னிக்கு காட்பாடியில இருப்பாரும்மா. நீ தனியாப் போ. வலியோட போ." வலியோடு போ என்று பெற்ற பெண்ணே சொல்ல வேண்டியிருந்தது. போன வாரம் அவர் கூட வந்து, பக்கத்தில் நின்று, டாக்டர் தட்டத் தட்ட ஒன்றும் வலிக்காமல் முழித்துக்கொண்டு திரும்பி வந்த கேவலம் போதும் என்று நினைத்திருந்தாள். புதன் முழுக்க வலி, நல்ல வலி, நிச்சயமான வலி. எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டுகிற அளவுக்குத் துல்லியமாக இருந்தது. நாளைக்கு வரைக்கும் இரு, இருந்துவிடு என்று அதைக் கெஞ்சிக்கொண்டே படுத்தாள். காலையில் எழுந்தபோதும் இருந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தபோதுதான் குவார்ட்டர்ஸ் சாக்கடை மேல் போட்டிருக்கிற சிமெண்ட் பலகைகளில் அந்தச் சத்தம் கேட்டது. கட கட டக். கட கட டக். அவருடைய டிராலிப் பை. ஒரு சக்கரம் தேய்ந்து சப்பையாகிவிட்டதால் மூன்றாவது சுற்றில் டக்கென்று இடிக்கும். வண்டியை விழுப்புரத்தோடு நிறுத்திவிட்டார்களாம், பாசஞ்சரில் ஏறித் திரும்பிவிட்டார். மூன்றாவது டக் கேட்பதற்குள் வலி, ஸ்விட்சை அணைத்த மாதிரி, இல்லை. விரல்கள் சில்லிட்டன, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, காது மட்டும் நாய்க்காது மாதிரி விரிந்துகொண்டது. வாளியில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா, பேப்பர் மடித்து வைத்திருக்கிறதா, டம்ளரில் மீன் வாடை இருக்கிறதா, நேற்று எத்தனை மணிக்கு எங்கே போனேன், எத்தனை மணிக்கு வந்தேன். இத்தனையும் சேர்ந்து வந்தபோது பல்லுக்கு அங்கே இடம் எங்கே இருக்கிறது.

இதை அக்கம்பக்கம் எப்படிப் பார்க்கிறது தெரியுமா? அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. பக்கத்துப் போர்ஷன் டெய்சி அக்கா போன மாதம் குழாயடியில் பத்துப் பேர் காதுபட, "எங்க மங்கைக்கு வலிக்கு மருந்து மாத்திரைலாம் வேணாம்ப்பா. அவுக வீட்டுக்காரு பை சத்தம் கேட்டாப் போதும், ஓடியே போயிடும். பதினெட்டு வருஷமாச்சு, இன்னும் பாரு, புதுப்பொண்ணு கணக்கா" என்று சொல்லி இடுப்பில் இடித்தாள். எல்லோரும் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இன்னும் அருவருக்கிறது. சத்தியமாக ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளே அப்படித்தான் நம்பியும் தொலைத்தாள். அவர் டூட்டிக்குப் போன நாளெல்லாம் இடுப்பு கழன்று விழுகிறது, முழங்கால் பிடிக்கிறது, தலை பிளக்கிறது, பல் தெறிக்கிறது. அவர் வந்து நடையில் பையைச் சாத்தியதும் எல்லாம் சொஸ்தம். அப்படியானால் என்ன அர்த்தம்? ஏக்கம் என்றுதானே ஊர் சொல்லும்? அவரிடமும் யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டு, "நான் இல்லேன்னா உனக்கு உடம்பு முடியாமப் போயிடுதாமே?" என்றார். வாயில் ரசம் சோறு, மீசையில் ஒரு பருக்கை. அவள் தலையை ஆட்டினாள்.

ஓவியாதான் அதைப் பிட்டு வைத்தாள், தான் பிட்டு வைக்கிறோம் என்று தெரியாமலே. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை வாசலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், மங்கை மத்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பியாம். ஆபத்து என்று மூளை ஒரு குரல் கொடுத்தால் போதும், அது என்னமோ ஒன்றை ரத்தத்தில் கொட்டிவிடுமாம். நெஞ்சு வேகமாக அடிக்கும், வாய் வறளும், கை சில்லிடும். மங்கை செதிலைச் சுரண்டுவதை நிறுத்தினாள். "அப்புறம்?" என்றாள். "அப்புறம் என்னம்மா, வலி தெரியாது. மான் இருக்குல்ல, புலி துரத்தறப்போ அதுக்குத் தொடை கிழிஞ்சிருந்தாலும் வலிக்காதாம். வலிச்சா நின்னுடும்ல, நின்னா செத்துடும்ல. அதனால உடம்பே தனக்குத் தானே வலி மருந்து போட்டுக்குமாம். தப்பிச்சு எங்கயாச்சும் போய் படுத்த பிறகுதான் வலிக்க ஆரம்பிக்கும். இன்னொண்ணு கேளேன், எங்க மிஸ் சொன்னாங்க. பயத்துச் சுரப்பை எழுப்பி விடறதும் அந்த வலி மருந்தும் தலைக்குள்ள ஒரே பொருளை உடைச்சுத்தான் வருதாம். ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க மாதிரி." மங்கையின் கையில் மீன் குடல் வழுவழுவென்று இருந்தது. "புலி வீட்டுக்குள்ளயே இருந்தா?" என்று கேட்டாள். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஓவியா புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. பிறகு சின்னக் குரலில், "அப்போ அது சுரந்துக்கிட்டே இருக்கும்மா. ரொம்ப வருஷம் அப்படியே இருந்தா அதுவும் கெட்டுப்போயிடுமாம். அப்புறம் மருந்தும் வேலை செய்யாது, எது தொட்டாலும் வலிக்குமாம்" என்றாள். அந்த மத்திக் குழம்பை மங்கை அன்றைக்கு வாயில் வைக்கவில்லை.

அதிலிருந்து அவளுக்குத் தன் உடம்பைக் கண்டால் ஆகவில்லை. குளிக்கும்போது கையைக் காலைத் தேய்த்துக்கொள்கிறபோதெல்லாம் யாரோ ஒரு கையாளைத் தேய்த்துவிடுகிற மாதிரி இருக்கிறது. ஆமாம், கையாள்தான். அவருடைய கையாள். இத்தனை வருஷமாக இவள் சோற்றைத் தின்றுவிட்டு அவருக்கு வேலை பார்த்திருக்கிறது. அவர் இருக்கிற நேரத்தில் ஒரு சுளிப்புக்கூட முகத்தில் வராமல் பார்த்துக்கொண்டு, அவர் போன பிறகு கணக்காக வந்து இவளைப் போட்டு அறைந்திருக்கிறது. அவர் அடிக்கிறவர் இல்லை. "ரெண்டே ரெண்டு தடவைதான் கை வச்சிருக்கேன், அதுவும் நீ வாங்கிக் கட்டிக்கிட்டது" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவருக்குக் கை வேண்டியதில்லை. டூட்டியில் ஒரு நோட்டு வைத்திருப்பார், எந்த ஸ்டேஷனில் வண்டி எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுத வேண்டிய நோட்டு. வீட்டுக்கு வந்ததும் அதே மாதிரி இவளுடைய இரண்டு நாளையும் சொல்லச் சொல்லுவார். குரலைத் தாழ்த்தி, ரொம்பத் தாழ்த்தி, "சொல்லு, காலைல இருந்து ஆரம்பி" என்பார். கடைக்கு எத்தனை மணி, திரும்பினது எத்தனை மணி, நடுவில் யார். பதில் இடித்தால், "அந்த ஏழு நிமிஷம் எங்க போச்சு?" என்பார். ஏழு நிமிஷம் எங்கே போயிருக்கும், செருப்பு வார் அறுந்துபோய்க் குனிந்து முடிச்சுப் போட்டிருப்பாள், அது எப்படி ஞாபகம் இருக்கும்? ஓவியா கைக்குழந்தையாக இருந்தபோது அப்படி ஒரு ஏழு நிமிஷத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே சோறு வடித்தாள், தட்டு நழுவிக் கொதிக்கிற கஞ்சி வலது பாதத்தில் கொட்டிற்று. அவள் காலை எடுக்கவில்லை. பதிலைச் சொல்லி முடித்தாள். அவர்தான் கீழே பார்த்துவிட்டு, "அட, என்ன பொறுமை உனக்கு" என்றார், மெச்சிக்கொண்டு. அவர் மூன்று மணிக்கு டூட்டிக்குப் போனார். மூன்றே காலுக்கு அவள் கத்திய கத்தலில் டெய்சி அக்கா சுவரேறிக் குதித்து வந்தாள். பாதத்தில் அந்தத் தோல் இப்போதும் பளபளவென்று செத்த பாம்புத் தோல் மாதிரி கிடக்கிறது, பார்க்கவே பிடிக்காமல் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வாள். மூடிக்கொண்டாள் இப்போதும். அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்ததும் அவரும் எழுந்தார். உள்ளே அந்த நாற்காலி, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மனுஷனை மல்லாத்திப் போடுகிற நாற்காலி. கண்ணுக்கு நேரே விளக்கு. பக்கத்தில் துப்புகிற கிண்ணம், அதன் ஓரத்தில் முந்தின ஆளின் ரத்தம் ஒரு சொட்டு கழுவப்படாமல் இளஞ்சிவப்பாக. வாயைத் திறந்தாள். திறந்த வாயின்மேல் அவர் குனிந்து எட்டிப் பார்த்தார், அவருடைய மூச்சு அவள் வாய்க்குள்ளேயே விழுந்தது, வடையும் பீடியும். ஒரு கை அவள் தோளில், அந்த ஊக்கின்மேல். டாக்டர் கண்ணாடிக் கம்பியின் பிடியால் தட்டினாள். "இதுலயாம்மா? இதுல? இங்க?" இல்லை, இல்லை, இல்லை. ஐஸ் வைத்த பஞ்சை வைத்தாள். குளிர்ச்சி மட்டும்தான். ஒரு பிளாஸ்டிக் குச்சியை ஒவ்வொரு பல்லாகக் கடிக்கச் சொன்னாள். "கடிங்க. இப்போ மெதுவா விடுங்க. விரிசல் விட்ட பல்லு கடிக்கிறப்போ அவ்வளவா சொல்லாது. விடறப்போதான் சுரீர்னு ஏறும்." கடித்தாள், விட்டாள். எங்கே விட்டாள்? தோளில் அந்தக் கை இருக்கிறபோது தாடை எப்படி விடும்? டாக்டர் ஈரப் பஞ்சால் கன்னத்தைத் துடைத்து, "உங்க பல்லெல்லாம் மேல தேஞ்சிருக்கும்மா. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்று கேட்டாள். மங்கை பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "கடிப்பா டாக்டர். நறநறன்னு கடிப்பா. சின்ன வயசுப் பழக்கம்." சின்ன வயசில் இவள் பக்கத்தில் இவர் படுத்திருந்தாரா? "நேத்து வலிச்சுதாம்மா?" "வலிச்சுது டாக்டர். நேத்து பூரா." "இப்போ?" "இப்போ இல்ல." அவர் சிரித்தார். "இதேதான் டாக்டர் இவளோட. வீட்டுல அழுவா, இங்க வந்தா ஒண்ணுமில்லம்பா. எனக்கு நாளைக்கு மறுபடி டூட்டி, தினம் தினம் கூட்டிட்டு வர முடியாது. அதோ கறுப்பா ஒண்ணு இருக்கே, பார்த்தாலே தெரியுதே, அதைப் புடுங்கிருங்க. நான் சொல்றேன்."

அந்தக் கறுப்புப் பல். மங்கை நாக்கை அதன்மேல் கொண்டுபோய் வைத்தாள், குழந்தை தலையில் கை வைக்கிற மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் கரூரில் டைப்பிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தபோது சொத்தை விழுந்து ஈயம் அடைத்த பல். அன்றைக்கு ஊசி போடாமலே குடைந்தார்கள், அவள் அந்த டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து ஊரைக் கூட்டினாள், அவ்வளவு வலித்தது, வலித்ததை அவ்வளவு தாராளமாகக் கத்தித் தீர்த்தாள். வெளியே வந்து தோழி வனஜாவோடு பன்னீர் சோடா குடித்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்தப் பல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு பாவமும் அறியாத பல். ஆனால் உண்மையிலேயே அறியாததுதானா? இப்போது எதுவுமே வலிக்காதபோது எதை வைத்து அடித்துச் சொல்வது? நேற்று வலித்தது கடைசிக்கு முந்தினதா, அதற்கும் முந்தினதா? நேற்று விரல் வைத்த இடம் இன்றைக்கு ஞாபகத்தில் நழுவுகிறது, பதிலில் ஏழு நிமிஷம் நழுவுகிற மாதிரி. டாக்டர் கறுப்புப் பல்லைத் திரும்பத் தட்டிப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள். "இதுக்கு அடியில லேசா நிழல் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா சார் சொன்னார்னு நான் எடுக்க முடியாது. நீங்க சொல்லுங்கம்மா. இதுதானா?" தோளில் கை கொஞ்சம் அழுத்திற்று. வேறொன்றுமில்லை, கொஞ்சம்தான். தலையாட்டினால் முடிந்தது. பதினெட்டு வருஷமாக ஆட்டின தலை, அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. புடுங்கட்டும், ரத்தத்தோடு கிண்ணத்தில் விழட்டும், வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு அவர் டூட்டிக்குப் போவார், பை சத்தம் தூரத்தில் மறையும், அப்போது வலி வரும். மீதி இருக்கிற பல்லில் வரும். அதற்கும் ஒன்றைப் புடுங்குவார்கள். இப்படியே ஒவ்வொன்றாக, பொக்கை வாயோடு, இவர் பக்கத்தில் நிற்க, எதுவுமே வலிக்காமல். தலை பாதி ஆடியும்விட்டது. தோளில் அந்த ஊக்கு, அதன் ஈரம் உலர்ந்து ரவிக்கை மொடமொடவென்று ஒட்டியிருந்தது. தூ. எப்படி இதை வாங்கிக் குத்திக்கொண்டாய் நீ, கேவலம் கெட்டவளே. அந்த ஒரு அருவருப்பு, பல்லைப் பற்றியும் இல்லை, அவரைப் பற்றியும் இல்லை, தன் தோளில் இருக்கிற ஒரு அழுக்கு ஊக்கைப் பற்றின அருவருப்பு, பயத்தைவிட ஒரு விரல்கடை உயரமாக எழும்பிற்று.

"இவரு வெளிய போனா வலிக்கும் டாக்டர்" என்றாள்.

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. குரல் கம்மி, எச்சிலோடு குழறி வந்தது. இப்போது குரலைத் தாழ்த்துவார், இதோ தாழ்த்தப்போகிறார் என்று அவள் காதை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். என்ன நடந்தது தெரியுமா? அவர் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தீங்களா டாக்டர், நான் சொன்னா நம்ப மாட்டீங்க, குவார்ட்டர்ஸ்ல அத்தனை பேருக்கும் தெரியும். நான் பக்கத்துல இருந்தா இவளுக்கு எந்த வலியும் அண்டாது. அப்படி ஒரு பிரியம்." தோளில் தட்டிக்கொடுத்தார். டாக்டர் நிலோஃபர் சிரிக்கவில்லை. அவள் அவரைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், கை இருந்த தோளைப் பார்த்தாள், பிறகு மங்கையின் கண்ணைப் பார்த்தாள். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். "எவ்வளவு நேரம்?" "சொல்ல முடியாது. கீழ டீக்கடை இருக்கு, போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க." அவர் பெருமை குறையாமல் போனார். வெளியே வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் அதையே மறுபடி சொல்லிச் சிரிப்பது கேட்டது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மங்கைக்கு அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

வலி வரவில்லை. இன்னும் அவர் வெளியே நிற்கிறார், உடம்புக்குத் தெரியும், அதை ஏமாற்ற முடியாது. வராமலே போய்விட்டால்? பொய் சொன்னவள் ஆகிவிட்டால்? அந்த மருந்து சுரந்து சுரந்து, வலி நிரந்தரமாகவே செத்துப்போயிருந்தால்? கண்ணாடிக் கதவு கீச்சிட்டது. செருப்பு மாட்டிக்கொள்கிற சத்தம். இருமல். படியில் முதல் அடி. சரட், சரட் என்று தேய்த்துத் தேய்த்து இறங்குகிற அந்த நடை, எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தனியாகக் கேட்கிற நடை. திருப்பத்தில் நின்றார். ஏன் நின்றார்? பீடி பற்ற வைக்கிறார். மறுபடி சரட், சரட். தெருச் சத்தத்தில் கலந்தது. இல்லை, இன்னும் கேட்கிறதா? இல்லை. போய்விட்டது. மங்கை மூச்சு விட்டாள். எப்போது பிடித்து வைத்திருந்த மூச்சோ, விட விட வந்துகொண்டே இருந்தது. அவள் தோளுக்குக் கையைக் கொண்டுபோய் ஊக்கைக் கழற்றி, அந்த ரத்தச் சொட்டு இருந்த கிண்ணத்தில் போட்டாள். முந்தானை சரிந்தது, சரியட்டும் என்று விட்டாள். "அந்தக் குச்சியைக் குடுங்க" என்றாள். கடைசிக்கு முந்தின பல்லில் வைத்துக் கடித்தாள். விட்டாள்.

அம்மாடி! தாடையிலிருந்து காதுக்கு, காதிலிருந்து உச்சந்தலைக்கு ஏறி, கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டிற்று. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாய் நிறைய எச்சில் ஊறிற்று, வறண்டு கிடந்த வாயில் எங்கிருந்துதான் ஊறிற்றோ. பாதத்தில் அந்தப் பழைய தோல்கூடக் குறுகுறுத்தது. டாக்டர் பாய்ந்து எழுந்து விளக்கைத் திருப்பினாள். "இதுவா? இதுவாம்மா?" "இதுதான். இதுதான் டாக்டர். கறுப்பு இல்ல. இது." விரலை உள்ளே விட்டுப் பல்லைத் தொட்டே காட்டினாள், நடுங்காத விரலால். அந்தப் பெண் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, இதோ கோடு தெரியுது, பாவம், எப்படித்தான் தாங்குனீங்க" என்று சொல்லிக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்ற ஆரம்பித்தாள். "ரெண்டு நிமிஷம்மா. இதோ, இப்போ மரத்துப்போயிடும்." மங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை முகத்தைக் கோணலாக்கியிருந்தது, மூக்கு ஒழுகியது, பார்க்கச் சகிக்காத முகம்தான். அவள் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"வேணாம் டாக்டர், கொஞ்சம் இருங்க" என்றாள். "கதவை மட்டும் தாழ் போட்டுட்டு வாங்க. கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."